தொண்ணூறும் ஒரு பூச்சிப் பல்லும்

ஐந்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் கணக்குப் பாடம் தொடங்கியதும் பாதிப் பேருக்குத் தாகம் எடுக்கும். மீதிப் பேருக்கு வயிறு வலிக்கும். ஆனால் மூன்று வாரங்களாக அப்படி இல்லை. மணி அடிப்பதற்கு முன்பே எல்லாரும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். காரணம், புதிதாக வந்து சேர்ந்த பெண்.

அவள் சீனாவிலிருந்து வந்தவள். ஊருக்கு வெளியே கண்ணாடிப் புட்டி செய்யும் தொழிற்சாலைக்குப் புது இயந்திரங்கள் வந்திருந்தன. அவற்றைப் பொருத்தித் தர அவளுடைய அப்பா வந்தார். கூடவே அவளும் வந்தாள். தம்பிப் பாப்பா கொஞ்சம் வளர்ந்ததும் அம்மா வருவதாக ஏற்பாடு.

டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் அவள் விடையை எழுதிவிடுவாள். உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கும். முதல் நாளே பின் பெஞ்சிலிருந்து யாரோ, “மின்னல்டா” என்றார்கள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

மின்னலுக்குப் பக்கத்தில் உட்காருபவள் குண்டூசி. வகுப்பிலேயே குட்டை அவள்தான். ஆனால் கேள்வி கேட்டே எல்லாரையும் குத்திவிடுவாள். அதனால் அவளுடைய அண்ணன் வைத்த பெயர் அது. வீட்டோடு நிற்காமல் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது.

மின்னலைப் பார்க்கப் பார்க்கக் குண்டூசிக்கு ஆச்சரியமாக இருக்கும். கணக்குக்காக மட்டும் இல்லை. மின்னலிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு இருந்தது. தினமும் அதில் இருபது தமிழ்ச் சொற்களை எழுதுவாள். ஜன்னல். அழிரப்பர். தள்ளி உட்காரு. எனக்குத் தெரியாது. ‘ழ’ வருகிற இடத்தில் எல்லாம் சிவப்புக் கோடு போட்டிருப்பாள். அடுத்த நாள் காலையில் இருபதையும் பார்க்காமல் சொல்வாள்.

‘நானா இருந்தா முதல் நாளே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிருப்பேன்’ என்று குண்டூசி நினைத்துக்கொள்வாள்.

அந்தத் திங்கட்கிழமை கணக்கு டீச்சர் ஒரு செய்தியோடு வந்தார்.

“வெள்ளிக்கிழமை நமக்கும் ‘அ’ பிரிவுக்கும் மனக்கணக்குப் போட்டி. ஒரு பிரிவுக்கு ரெண்டு பேர். பலகை கிடையாது, பேப்பர் கிடையாது. தலைமை ஆசிரியை வாயால கேட்பாங்க. நீங்களும் வாயாலதான் சொல்லணும்.”

வகுப்பு முழுக்க மின்னலைப் பார்த்தது. டீச்சரும் பார்த்தார்.

“சரி, ஒண்ணு கேட்டுப் பார்ப்போம். தொண்ணூறுலேருந்து முப்பத்தாறு போனா எவ்வளவு?”

மின்னல் எழுந்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

“எட்டு நூறு அறுபத்து நாலு.”

வகுப்பு சிரித்தது. மின்னலின் காது சிவந்துவிட்டது. டீச்சர் பலகையில் எதையோ எழுதிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார்.

“சிரிக்காதீங்க. தொள்ளாயிரத்துலேருந்து முப்பத்தாறைக் கழிச்சிருக்கா. அதுக்கு அவ சொன்ன விடை சரி. காதுல விழுந்ததுதான் தப்பு.” கொஞ்சம் யோசித்தார். “பாவம், இவ்வளவு பேர் முன்னாடி அவளைக் கஷ்டப்படுத்த வேணாம். வேற யாரு வர்றீங்க?”

குண்டூசி எழுந்து நின்றாள். எழுந்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

“டீச்சர், வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. நான் அவளுக்குச் சொல்லித் தரேன்.”

“நீயா? போன வாரம் ஏழாம் வாய்ப்பாட்டுல எட்டுக்கிட்ட வந்து நின்னுட்டு, தண்ணி குடிக்கப் போகணும்னியே, அந்த நீயா?”

“அவ எனக்குச் சொல்லித் தருவா, டீச்சர்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அப்போ நீங்க ரெண்டு பேருமே போட்டிக்கு வாங்க” என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் குண்டூசி வேலையைத் தொடங்கினாள். ‘தொண்ணூறு’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 90 போட்டாள். மின்னல் அதை உற்றுப் பார்த்தாள். பென்சிலை எடுத்து, சொல்லின் பின்பாதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

“இங்க நூறு இருக்கு. ஏன் இது நூறு இல்ல?”

குண்டூசி அந்தச் சொல்லை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். கேள்வி கேட்டே பழகியவளுக்கு, ஒரு கேள்வி வந்து குத்துவது புதிதாக இருந்தது.

குண்டூசியின் அம்மா பல் டாக்டர். வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் மருத்துவமனை. ஒன்றில் காத்திருப்பவர்களுக்கு நீளமான பெஞ்சு. இன்னொன்றில் ஏறி இறங்கும் நாற்காலியும் அதற்கு மேலே வெள்ளை விளக்கும். அன்று மாலை குண்டூசி பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

“அம்மா, தொண்ணூறுக்குள்ள நூறு ஏம்மா இருக்கு?”

கை கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினார். “இத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கேன். இதைக் கவனிச்சதே இல்லையே.”

நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு ஒரு தபால்காரர் படுத்திருந்தார். அவர் ஆர்வமாக விரலைத் தூக்கினார். “ஒம்போ... ஒம்போலயும்...”

“பேசாதீங்க, பஞ்சு விழுந்துடும்” என்றார் அம்மா.

அவர் விடவில்லை. பஞ்சைத் தானே எடுத்தார். “ஒன்பதுலயும் பது இருக்கு, டாக்டர், இருபது முப்பதுல வர்ற அதே பத்து. இன்னும் ஒண்ணு, தொள்ளாயிரத்துல ஆயிரம் இருக்கு.” சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தார்.

மறுநாள் குண்டூசி மூன்று சட்டைகளை வரைந்துகொண்டு போனாள். ஒன்பது போட்டிருந்தது பத்தின் சட்டை. தொண்ணூறு போட்டிருந்தது நூறின் சட்டை. தொள்ளாயிரம் போட்டிருந்தது ஆயிரத்தின் சட்டை. மூன்றுக்கும் சட்டை தொளதொளவென்று இருந்தது.

“ஒன்பது வீட்டுக்காரங்களுக்கு எப்பவும் பக்கத்து வீட்டுப் பெரியவங்க சட்டையைப் போட்டுக்கத்தான் ஆசை. சட்டையைப் பார்த்து ஏமாறாத. புரியுதா?”

மின்னல் படத்தைப் பார்த்தாள். கையால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். “புரியுது. திருட்டுச் சட்டை” என்றாள்.

பிறகு அவள் தன்னுடைய எண்களைச் சொல்லித் தந்தாள். யீ, அர், சான், ஸ, வு, லியூ, ச்சீ, பா, ஜியூ, ஷ. ஒன்று முதல் பத்து வரை அவ்வளவுதான். பதினொன்று வேண்டுமென்றால் பத்து-ஒன்று, ‘ஷ-யீ’. இருபது வேண்டுமென்றால் இரண்டு-பத்து, ‘அர்-ஷ’. தொண்ணூறு வெறும் ஒன்பது-பத்து, ‘ஜியூ-ஷ’. யாரும் யாருடைய சட்டையையும் போடவில்லை.

“அப்போ பத்தே பத்துச் சொல்லை வச்சுக்கிட்டுத் தொண்ணூத்தொன்பது வரைக்கும் போயிடலாமா?” குண்டூசியால் நம்ப முடியவில்லை. ஒரு சாப்பாட்டு இடைவேளைக்குள் அவளே போய்விட்டாள். நாலுக்கு ‘ஸ’, பத்துக்கு ‘ஷ’ என்பதில் மட்டும் நாக்கு ஐந்து தடவை தடுக்கி விழுந்தது.

இன்னொரு வித்தையும் இருந்தது. மின்னலுக்கு ஒன்று முதல் பத்து வரை காட்ட ஒரே கை போதும். ஐந்து வரை நம்மைப் போலத்தான். ஆறுக்குக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்ட வேண்டும். எட்டுக்குக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும். ஒன்பதுக்கு ஆட்காட்டி விரலைக் கொக்கி போல வளைக்க வேண்டும். பத்துக்கு மூடிய கை.

“ஒரு கை காலியாவே இருக்குமே” என்றாள் குண்டூசி.

“அந்தக் கையில பிஸ்கட்” என்றாள் மின்னல்.

அவள் கணக்குப் போடும்போது முணுமுணுப்பது என்ன என்பதும் அன்று தெரிந்தது. அது வாய்ப்பாடு. ‘ச்சீ பா வு-ஷ-லியூ.’ ஏழு எட்டு ஐம்பத்தாறு. பாட்டுப் போல இருந்தது. குண்டூசி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை மின்னல் மின்னவில்லை. டீச்சர் கேட்ட கணக்குக்கு மெதுவாக விடை சொன்னாள். அதையும் வாயைச் சரியாகத் திறக்காமல் சொன்னாள். இடைவேளையில் ஆப்பிளை ஒரு கடி கடித்தவள், அப்படியே டப்பாவில் வைத்து மூடிவிட்டாள்.

‘என்மேல கோபமா?’ என்று குண்டூசி யோசித்தாள். நேற்று ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ?

எப்போதும் போலக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு தாளை எடுத்து நடுவில் வைத்தாள். அம்மாவின் மருத்துவமனையில் மிஞ்சிய துண்டறிக்கைகள்தான் குண்டூசிக்கு எப்போதும் கணக்குத் தாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். காற்றில் தாள் புரண்டது. முன்பக்கத்தில் ஒரு பெரிய பல், ஒரு பல் துலக்கும் பிரஷ், பற்பசை, வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் என்று வரிசையாகப் படங்கள்.

“உங்க மொழியில இதுக்கு என்ன?” குண்டூசி பல்லைத் தொட்டுக் கேட்டாள்.

“யா” என்றாள் மின்னல். குரல் படியேறுவது போல மேலே போனது.

“இது?”

“யாஷ்வா.” பிரஷ்.

“இது?”

“யாகாவ்.” பற்பசை.

“எல்லாத்துலயும் யா இருக்கு” என்றாள் குண்டூசி. “பல்லு பிரஷ், பல்லு பசை. நாங்க சொல்ற மாதிரியே. அப்போ இவரு?”

மின்னல் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். “யாயி” என்று மெல்லச் சொன்னாள். அவளுடைய கை தானாகவே இடது கன்னத்துக்குப் போனது.

பல் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கை போதாதா? அம்மாவின் மருத்துவமனைப் பெஞ்சில் எத்தனை பேர் அப்படிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவதை அவள் பார்த்திருக்கிறாள். கோபம் இல்லை. வலி.

வலிக்கு என்ன சொல் என்று கேட்பதற்காக, முகத்தைச் சுளித்துக் கன்னத்தைப் பிடித்துக் காட்டினாள். மின்னல் தயங்கி, “தெங்” என்றாள்.

குண்டூசி இரண்டு சொற்களையும் சேர்த்தாள். மிகவும் அக்கறையோடு, குரலை நேராக நீட்டிக் கேட்டாள்.

“யா தெங்?”

மின்னல் விழித்தாள். பிறகு இரண்டு முழங்கைகளையும் சிறகு மாதிரி அடித்துக்கொண்டு, “குவாக் குவாக்” என்றாள். சீன மொழியில் ஒரே ஒலியைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், நேராக நீட்டினால் வேறு பொருள். ஏற்றிச் சொன்னால் பல். நேராகச் சொன்னால் வாத்து. குண்டூசி கேட்டது, ‘வாத்து வலிக்குதா?’

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மின்னல் இந்த முறை வாயை மூட மறந்துவிட்டாள். இடப்பக்கம் கீழ்வரிசையில், கடைசிக்கு முந்தைய பல்லில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புக் குழி இருந்ததைக் குண்டூசி பார்த்துவிட்டாள். மின்னலும் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது.

மின்னல் தாளில் ஒரு பல்லை வரைந்தாள். அதற்குள் நெளியும் ஒரு புழுவை வரைந்தாள். “ச்சோங்-யா.”

“பூச்சிப் பல்லு” என்றாள் குண்டூசி. “நாங்களும் பூச்சிப் பல்லுன்னுதான் சொல்வோம்.”

இவ்வளவு தூரத்திலிருந்து வந்த மொழியிலும் அதே பூச்சி எப்படிப் போய் உட்கார்ந்தது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அதை விசாரிக்க இது நேரம் இல்லை.

“எங்க அம்மா யாயிதான். நாளைக்கு வரியா?”

மின்னல் வேகமாகத் தலையை ஆட்டினாள். “வேணாம். அப்பாக்கு வேலை நிறைய. காலையில போய் ராத்திரி வரார். நான் தொல்லை வேணாம்.” பிறகு குரல் இன்னும் தாழ்ந்தது. “பயம்.”

குண்டூசி வாயை அகலமாகத் திறந்து, தன்னுடைய கடைவாய்ப் பற்களைக் காட்டினாள். அங்கே அடைத்த பற்கள் இரண்டு இருந்தன. பல் டாக்டரின் மகளுக்கும் மிட்டாய் பிடிக்கும்.

மின்னல் எட்டிப் பார்த்தாள். “தெங் பு தெங்?”

குண்டூசி அதை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ‘பு’ என்றால் இல்லை என்று நேற்றே கற்றிருந்தாள். வலிக்குதா, வலிக்கலையா? அதைத்தான் கேட்கிறாள்.

வலிக்கவே இல்லை என்று சொல்லலாம். மருத்துவமனைக்கு வருபவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லிக் கூட்டி வருகிறார்கள். உள்ளே போனதும் பிள்ளைகள் அவர்களை ஒரு பார்வை பார்ப்பதைக் குண்டூசி கண்டிருக்கிறாள்.

“கொஞ்சம் வலிச்சுது. ஊசி போடறப்போ. அப்புறம் கன்னம் தலையணை மாதிரி ஆயிடும். ஒண்ணும் தெரியாது” என்று நடித்துக் காட்டினாள்.

மின்னல் அந்தக் குழியை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். மணி அடித்தது. எழுந்து போகும்போது, “அப்பாகிட்ட நானே சொல்றேன்” என்றாள்.

வியாழக்கிழமை மாலை அவளுடைய அப்பா தொழிற்சாலை உடையிலேயே அவளை மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார். முழங்கையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. கைப்பேசியை எடுத்து அதில் சீன மொழியில் பேசினார். கைப்பேசி ஒரு பெண் குரலில் தமிழ் பேசியது.

“என் மகளின் பல்லில் விருந்தாளி இருக்கிறார்.”

அம்மா முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு, “உட்காரச் சொல்லுங்க. வாயை நல்லாத் திறக்கணும்” என்றார். கைப்பேசி அதை மொழிபெயர்த்தது. மின்னலின் அப்பா பணிவாகத் தலையசைத்துவிட்டு, போய் வாசல் கதவை அகலமாகத் திறந்து வைத்தார்.

“இது சரிப்படாது” என்றார் அம்மா. “குண்டூசி, நீ வா. கை கழுவிட்டு வா.”

குண்டூசி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மின்னல் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வெள்ளை விளக்கு கண்ணில் விழுந்தது. வாயைத் திற என்பதற்கு என்ன சொல் என்று குண்டூசி அன்று காலையில்தான் கேட்டு வைத்திருந்தாள்.

“ஜாங் ஸ்வெய்” என்றாள்.

மின்னல் வாயைத் திறந்தாள்.

“அடேயப்பா” என்றார் அம்மா. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். “நல்லவேளை. ஆழம் இல்லை. அடைச்சுடலாம். ஆனா வலிச்சா எனக்குத் தெரியணும். வாயைத் திறந்து வச்சுக்கிட்டுப் பேச முடியாது. விரலால காட்டச் சொல்லு. ஒண்ணுன்னா லேசு. பத்துன்னா தாங்க முடியலை.”

குண்டூசி தனக்குத் தெரிந்த அத்தனை சொல்லையும் திரட்டினாள். “தெங்... யீ,” என்று சொல்லிச் சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டாள். “தெங்... ஷ,” என்று சொல்லிக் கண்ணைச் சுருக்கிப் பல்லைக் கடித்தாள். மின்னலின் கை கைப்பிடியிலிருந்து விலகி, ‘சரி’ என்பது போல அசைந்தது.

ஊசி போட்டாயிற்று. கொஞ்ச நேரம் பொறுத்து, அம்மா பல்லைச் சுத்தம் செய்யும் கருவியை எடுத்தார். அது ‘ஊய்ய்ய்’ என்று கத்தத் தொடங்கியது. சில நொடிகளில் மின்னலின் கை உயர்ந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டிருந்தன.

அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார். “ரெண்டுதானா? சமர்த்து” என்று சொல்லிவிட்டுக் கருவியை மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்.

“நிறுத்தும்மா,” என்றாள் குண்டூசி. “அது ரெண்டு இல்ல. ஆறு.”

கருவி நின்றது.

“ரெண்டு விரல்தானே நீட்டினா?”

“அவங்க ஊர்ல அது ஆறும்மா. ஒரே கையில பத்து வரைக்கும் காட்டுவாங்க.”

அம்மா கருவியைத் தட்டில் வைத்தார். மின்னலின் கண் ஓரத்தில் நீர் தேங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தார். ஆனால் அவள் தலையை அசைக்கவே இல்லை. ஆறு அளவு வலியை வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள்.

“இவ்வளவு தைரியசாலியை நான் பார்த்ததே இல்லை,” என்றார் அம்மா. “மருந்து இன்னும் சரியாப் பிடிக்கலை. இன்னொரு ஊசி போடறேன். அப்புறம் கன்னம் மரத்துப் போற வரைக்கும் பொறுப்போம். அவகிட்ட சொல்லு.”

இதற்கெல்லாம் குண்டூசியிடம் சொற்கள் இல்லை. ஊசியைக் காட்டினாள். தன் கன்னத்தைத் தலையணை போல உப்பிக் காட்டினாள். பிறகு மின்னலின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது முறை கருவி கத்தியபோது மின்னலின் ஆட்காட்டி விரல் மட்டும் உயர்ந்தது. லேசாக வளைந்திருந்தது.

அம்மா சட்டென்று கையை எடுத்தார். “இது ஒண்ணா, ஒன்பதா?”

குண்டூசி குனிந்து, “யீ? ஜியூ?” என்று கேட்டாள்.

மின்னல் விரலை நேராக்கினாள். விளக்கு வெளிச்சத்தில் அது மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒன்று.

மூலையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா, அடக்கி வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் இரண்டு பிரிவுகளும் எதிரெதிராக உட்கார்ந்தன. மின்னலும் குண்டூசியும் ஒரு மேசையில். ‘அ’ பிரிவின் இரண்டு பையன்கள் எதிர் மேசையில். முதலில் கை தூக்கிச் சரியாகச் சொல்பவர்களுக்கு மதிப்பெண். மொத்தம் பத்தொன்பது கேள்விகள். இருபதாவது கேள்வியை எழுதிய தாளில் டீ கொட்டிவிட்டதாகத் தலைமை ஆசிரியை சொன்னார்.

‘அ’ பிரிவுப் பையன்கள் சளைத்தவர்கள் இல்லை. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று மதிப்பெண் ஏறியது.

“தொள்ளாயிரத்திலிருந்து தொண்ணூறைக் கழித்தால்?”

மின்னலின் கை எழுந்தது. குண்டூசி மேசைக்கு அடியில் தன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். மின்னல் ஒரு கணம் கண்ணை மூடினாள்.

“எண்ணூத்திப் பத்து.”

“சரி” என்றார் தலைமை ஆசிரியை. கணக்கு டீச்சர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பதினெட்டுக் கேள்விகள் முடிந்தபோது பிரிவுக்கு ஒன்பது. கடைசிக் கேள்வி வந்தது.

“ஏழு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் எட்டுப் பென்சில்கள். மொத்தம்...”

தலைமை ஆசிரியை முடிப்பதற்குள் குண்டூசியின் கை எழுந்துவிட்டது. எழுந்த பிறகுதான் அது அதே ‘ஏழு எட்டு’ கணக்கு என்று அவளுக்கே உறைத்தது. வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

“ச்சீ பா வு-ஷ-லியூ.”

எதிர் மேசைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன சொன்ன?” என்றார் தலைமை ஆசிரியை.

குண்டூசி திகைத்து நின்றாள். தமிழ்ச் சொல் தொண்டைக்கு வர மறுத்தது. அப்போது மின்னல் எழுந்தாள்.

“அவ சரியாதான் சொன்னா, டீச்சர். ஐம்பத்தாறு.” ‘ஐம்பத்தாறு’ என்பதை ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

“அது செல்லாது, டீச்சர்” என்றான் ‘அ’ பிரிவுப் பையன் ஒருவன். “அவ தமிழ்ல சொல்லலையே.”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு விதிகள் எழுதிய தாளைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். அங்கும் டீக் கறைதான் இருந்தது.

“விடை சரியா இருக்கணும்னு போட்டிருக்கு. எந்த மொழியில சொல்லணும்னு போடலை. அடுத்த வருஷம் போடறேன். இந்த வருஷம் மதிப்பெண் இவங்களுக்கு.”

‘ஆ’ பிரிவு எழுப்பிய சத்தத்தில் ஜன்னல் மேல் இருந்த புறா பறந்தது. கணக்கு டீச்சர் இருவர் தோளிலும் கை வைத்தார். “யாரு யாருக்குச் சொல்லித் தந்தீங்கன்னு எனக்கே குழம்பிப் போச்சு” என்றார்.

சனிக்கிழமை காலையில் குண்டூசி அம்மாவின் மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு மின்னலும் அவளுடைய அப்பாவும் வந்தார்கள். அப்பாவின் கையில் கைப்பேசி இல்லை. உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. அதைப் பார்த்து மெதுவாக, தடுக்கித் தடுக்கிப் படித்தார்.

“எனக்கும், பல், வலி. ஆறு மாசம்.”

“ஆறு மாசமாவா?” என்றார் அம்மா. “உள்ள வாங்க.”

குண்டூசி பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். ஆனால் மின்னல் ஏற்கெனவே கை கழுவப் போய்விட்டாள்.

கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் இயந்திரங்களைப் பொருத்தும் பெரிய மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். மின்னல் அவர் பக்கத்தில் நின்றாள். “ஜாங் ஸ்வெய்,” என்றாள். பிறகு, “பியே பா” என்றாள். வாயைத் திறங்க, பயப்படாதீங்க. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று குண்டூசிக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது.

மின்னல் டாக்டர் பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டி, அப்பாக்கு ரொம்பப் பயம். வெளியில சொல்ல மாட்டார். மெதுவா பண்ணுங்க.”

“சரிங்க” என்றார் அம்மா, இன்னொரு டாக்டரிடம் பேசுவது போல.

குண்டூசி திரும்பப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். உள்ளே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அது அவளுக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.